வீட்டை எண்ணுவதா, வட்டாரத்தை எண்ணுவதா?

கனடாவின் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு, அவற்றின் தேசியக் கூட்டமைப்பின் நிர்வாகக் குழுவில் இடம் பிரிக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, வீடுகளின் எண்ணிக்கைப்படி இடம். சந்தா அதிகம் கட்டுபவருக்குக் குரலும் அதிகம் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்டாரியோவில் சுமார் 550 சங்கங்களில் ஏறக்குறைய 44,000 வீடுகள். கியூபெக்கில் சங்கங்கள் அதைவிட இரு மடங்குக்கு மேல், வீடுகளோ குறைவு, ஏனென்றால் அங்கே பெரும்பாலும் சின்னக் கட்டடங்கள். வீட்டை எண்ணினால் ஒன்டாரியோவின் கை ஓங்கும், சங்கத்தை எண்ணினால் கியூபெக்கின் கை. எப்படி எண்ணினாலும் நியூஃபவுண்ட்லாந்து போன்ற கிழக்குக் கரையின் சிறிய அட்லாண்டிக் மாகாணங்கள் ஓரத்தில்தான்.

இன்னொன்று, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உறுதியான ஓர் இடம். என் ஓட்டு இதற்குத்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு 1982 முதலே சொந்தக் கூட்டமைப்பு உண்டு. வான்கூவர் சங்கத்தின் கூரை ஒழுகினால் ஆலோசனை கேட்கப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறது. நியூஃபவுண்ட்லாந்தின் சிறு சங்கத்துக்கும் அதே வயதான கட்டடம், அதே கடன் சிக்கல்; அதற்கும் அப்படி ஓர் ஆதரவு வேண்டும். அதனால் வெறும் நாற்காலி போதாது. விமானச் செலவும், அந்த வட்டாரத்தை அறிந்த ஓர் ஊழியரும் கூடவே வர வேண்டும்.

சரி, பெரிய மாகாணங்களுக்கு இது அநீதி ஆகாதா? சந்தா உயர்வை மட்டும் பொதுக்கூட்ட வாக்குக்கு விட்டால் அந்தக் குறை பெருமளவு தீரும்.