‘புதுப்பித்த வைக்கிங் மோதிரம்’ வாங்குமுன் முலாமுக்கு அடியில் பாருங்கள்

‘9–10ஆம் நூற்றாண்டு வைக்கிங் (பழைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகள்) வெண்கல மோதிரம், அப்படியே அணியலாம்’ என்று ஓர் இணையக் கடை விற்ற பொருள் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. தங்க முலாம் குமிழ் குமிழாக எழும்பியது. ஊசியால் தொட்டால் வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தது. கேட்டதற்கு, “பழசென்றால் களிம்பு ஏறத்தான் செய்யும்” என்றார்கள். பணமும் திரும்பவில்லை.

அந்தப் பதில் பொய். நல்ல களிம்பு கெட்டியாக ஒட்டியிருக்கும். உலோகத்துக்கு அதுதான் காப்பு. தூளாக உதிர்வது வெண்கல நோய். மண்ணில் கிடந்தபோது உள்ளே இறங்கிய உப்பு, குப்ரஸ் குளோரைடு என்ற செம்புச் சேர்மமாகத் தங்கியிருக்கும். ஈரமும் காற்றும் பட்டால் அது அமிலமாகி மிச்சச் செம்பையும் அரிக்கும். அரித்த செம்பு மறுபடி குளோரைடாகும். வியர்வை உப்பு வேறு சேர்ந்துகொள்ளும்.

முறை தெரிந்தவர்கள் இதற்கு முலாம் பூசவே மாட்டார்கள். நுண்ணோக்கியில் பார்த்தபடி தூளைச் சுரண்டியெடுத்து, எத்தனாலில் 3% பென்சோட்ரையசோல் (செம்பு அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்) கலந்து, அதில் பொருளை வெற்றிடத்தில் 24 மணி நேரம் ஊறவைப்பார்கள். மேலே பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் பூச்சு. பிறகு 40 சதவீதத்துக்குக் கீழான ஈரப்பதத்தில் பெட்டியில் வைப்பார்கள். பென்சோட்ரையசோல் தோலுக்கு ஆகாது. அப்படிக் காத்த பொருள் பார்வைக்குத்தான், விரலுக்கு அல்ல. இந்தக் கடையோ களிம்பு மொத்தத்தையும் வழித்து, பஃப் போட்டு (சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேற்றி), முலாம் ஏற்றிவிட்டது. மோதிரத்தில் இருந்த வட்டத்துக்குள் புள்ளி வேலைப்பாட்டில் வட்டங்கள் தேய்ந்துபோய் புள்ளிக் குழிகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

வெள்ளி என்றாலும் ஆபத்து உண்டு. மண்ணுக்குள் நூற்றாண்டுக்கணக்கில் கிடந்த வெள்ளி நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கலாம். விரல் அளவுக்கு விரித்தால் விரிசல் விடும். பற்றவைத்த இடத்தில் காட்மியம் என்ற உலோகம் தெரிந்தால் அது இக்கால வேலை.

புதுப்பிக்கும் முன் மோதிரத்தை இரண்டு பக்கமும் எடுத்த படங்களைக் கேளுங்கள். முலாமின் மேல் எக்ஸ்-ஆர்-எஃப் (எக்ஸ் கதிரால் உலோகக் கலவையை அளக்கும் கருவி) வைத்து எடுத்த சான்றிதழ், முலாமும் அரிமானமும் கலந்த கணக்கையே காட்டும். ‘ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு’ என்பது, பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்றே அல்ல. சட்டப்படி விற்பனைக்கு வந்ததா என்பதும் கேள்வி: டென்மார்க்கில் இத்தகைய புதையல் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். நார்வேயில் 1537க்கு முந்தைய உரிமையாளரற்ற பொருள் அரசுடைமை. கண்டெடுத்த இடம் தெரியாத வெறும் வெண்கல வளையத்தை வைக்கிங் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கழற்றிவிடுங்கள். புளி, எலுமிச்சை போட்டுத் துலக்காதீர்கள். அமிலம் நோயை முடுக்கிவிடும். உதிர்ந்த தூளோடு படமெடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் மூடி வையுங்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால், ‘விவரத்துக்கு மாறான பொருள்’ என்று வங்கியில் உடனே புகார் கொடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு.