இடித்த வீட்டு மரமா, விழுந்த மரமா? கடைசலுக்கு எது தோது

கடைசலுக்கு, அதாவது லேத் இயந்திரத்தில் சுழலவிட்டு உளியால் கடைவதற்கு, மரம் வேண்டும் என்றால் மரவாடிக்குப் போகுமுன் இரண்டு இடங்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, பழைய வீடு இடிக்கிற இடம். இன்னொன்று, காற்றில் சாய்ந்து அறுத்துக் கிடக்கும் மரம். பேக்கிங் பெட்டி மரம் என்று மூன்றாவதும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். பல வருடம் இவற்றை லேத்தில் ஏற்றிப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: வீட்டு மரம் நம் உழைப்பை லேத்தில் ஏறும் முன்பே வாங்கிக்கொள்கிறது. விழுந்த மரத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வீட்டு மரத்தின் அருமை தெரிய வேண்டுமானால் கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கம்பேட்டையைப் பார்க்க வேண்டும். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நாகஸ்வரம் அங்கே கடையப்படுகிறது. அதற்கு ஆகும் மரத்தின் பெயர் ஆச்சா. அதுவும் பச்சை மரம் ஆகாது, பழைய வீட்டுத் தூணும் உத்திரமும் தேடி வாங்குகிறார்கள். காரணம் எளிது. காயாத மரத்தில் துளை போட்டால் காயும்போது துளை கோணிக்கொள்ளும், சுருதி நிற்காது. ஐம்பது, நூறு வருடம் கூரையடியில் கிடந்த மரம் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்திருக்கும். மூடி போட்ட டப்பா, சதுரங்கக் காய் என்று பொருத்தம் பிசகக் கூடாத சாமான் எதுவானாலும் இதே நியாயம்தான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களும் கதவுகளும் விற்கிறார்கள். முழுத் தூண் கலைப்பொருள் விலைக்குப் போகும். அதை வாங்கி அறுப்பது எனக்கு மனசு ஒப்பாத காரியம். இதுபோன்ற கடைகளில் உடைந்த நிலைச்சட்டம், கைமரத் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். நமக்கு அது போதும்.

அப்புறம் ஆணி. போன வருடம் நான் வாங்கிய தேக்குச் சட்டத்தில் கண்ணுக்குத் தெரிந்த ஆணிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு லேத்தில் ஏற்றினேன். ஒரு இடத்தில் மட்டும் சுண்டைக்காய் அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம். அழுக்கு என்று விட்டுவிட்டேன். உள்ளே தலை முறிந்த ஆணி. உளியின் வாய் அரை நகம் அளவுக்குப் பெயர்ந்தது, பொறி கன்னத்தில் தெறித்தது. இரும்பு துருப்பிடித்து மரச்சாற்றோடு சேர்ந்தால்தான் அந்தக் கறுப்பு வருகிறது. அதனால் கறுப்பைக் கண்டால் தோண்டிப் பாருங்கள். காந்தம் வைத்து நாலு பக்கமும் தேய்த்துப் பார்க்கலாம், ஆனால் பித்தளை ஆணியைக் காந்தம் காட்டாது. கையடக்க மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

ஆணியைவிட எனக்குப் பயம் பெயிண்டில்தான். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பச்சையிலும் மஞ்சளிலும் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. பெயிண்டை உப்புத்தாளால் தேய்க்கவே வேண்டாம். மேல் பரப்பைக் கால் அங்குலம் அறுத்து எறிந்துவிடுங்கள், அந்தச் சீவலை அடுப்பில் போடாதீர்கள். தாரோ கரையான் மருந்தோ பூசிய கட்டையில் மத்து, பூரிக்கட்டை கடையவும் கூடாது. தேக்கில் மணல் சத்து உண்டு, உளியை அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். தூசி சிலருக்குத் தோலில் அரிக்கும், முகமூடி கட்டாயம்.

இவ்வளவு பாடுபட்டாலும் நாலு அங்குலச் சட்டத்தில் பெரிய கிண்ணம் வராது. அங்கேதான் விழுந்த மரம் ஜெயிக்கிறது.

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைச் சாய்த்தபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைச் சாய்த்தபோதும் நல்ல நல்ல மரமெல்லாம் விறகாகப் போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறாது. தூங்குமூஞ்சி மரத்தை விறகுக்குக்கூட மதிக்க மாட்டார்கள். ஆனால் காயும்போது அது அதிகம் சுருங்காது, புதிதாகக் கிண்ணம் கடைகிறவருக்கு அதைவிட நல்ல மரம் கிடையாது. வாய்க்கால் கரைப் பூவரசின் வைரம் (உள்ளே முற்றிய மரம்) சாக்லேட் நிறத்தில் வழவழவென்று வரும். புளி கடினம், ஆனால் கறிக்கடைக் கட்டையாகக் கொத்து வாங்கியும் தாங்குகிற மரம் அது. மாமரத்தை உடனே அறுக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்துக் கோடு கோடாக ஆகும். சிலருக்கு அந்தக் கோடுகளே அழகு.

மரத்துக்கு உரியவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். தெரு மரமென்றால் மாநகராட்சியோ பஞ்சாயத்தோ சொல்ல வேண்டும். சந்தனம், ஈட்டி பக்கமே போகாதீர்கள், சட்டச் சிக்கல் வரலாம்.

கிடைத்த அன்றைக்கே இரண்டு முனையிலும் மெழுகு உருக்கிப் பூசுங்கள், இல்லையென்றால் பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாகப் போகும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். அப்புறம் நடுச்சோறு (மரத்தின் நட்டநடுவில் இருக்கும் மென்மையான பகுதி) வழியாக இரண்டாகப் பிளந்து அந்தச் சோற்றை அறுத்துத் தள்ளுங்கள். மரம் ஆரவாட்டில், அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கி, சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வளைய வாட்டில், அதாவது வளையங்களின் சுற்றுப்போக்கில், சுருங்கும். உருண்டையாகவே விட்டால் எப்படியும் வெடிக்கும்.

காயும்வரை கடையாமல் இருக்க வேண்டியதில்லை. பச்சையாக இருக்கும்போதே கிண்ணத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு தடிப்பாகச் சுவரை விட்டுக் கடைந்துவிடுங்கள். பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஒரு அங்குலம். அதைக் காகிதப் பையில் சீவலோடு போட்டுக் காற்று அடிக்காத மூலையில் வைத்து, வாரம் ஒரு முறை எடை போட்டு எழுதுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். என் பூவரசுக் கிண்ணம் முதல் நாள் 1,480 கிராம். நாலு மாதத்தில் 1,060க்கு வந்து நின்றது. வாய் நீள்வட்டமாகிவிட்டது, ஆனால் கனம் விட்டிருந்ததால் இரண்டாவது கடைசலில் வட்டம் திரும்பக் கிடைத்தது.

பேக்கிங் பெட்டி மரத்தை நான் பழகுவதற்கு மட்டும்தான் எடுப்பேன். பெரும்பாலும் மெல்லிய பலகை, போதாததற்கு முறுக்கு ஆணி. பெட்டியில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். HT என்றால் உள்மரம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடு கண்டது, எடுக்கலாம். MB என்றால் மீத்தைல் புரோமைடு வாயு அடித்தது, தொட வேண்டாம். முத்திரையே இல்லாத பெட்டியில் முன்பு என்ன ஏற்றினார்கள் என்று தெரியாது. அதையும் நான் விட்டுவிடுவேன்.