வெட்டுக்கிளி, எறும்பு டிரை ஃப்ளை வாங்குபவர்கள் கவனத்துக்கு

டிரவுட் மீன் பிடிக்க இணையத்தில் ஒரு டிரை ஃப்ளை பெட்டி வாங்கினேன். டிரை ஃப்ளை என்றால் தூண்டில் முள்ளில் பூச்சி மாதிரி கட்டி, தண்ணீர்மேல் மிதக்கவிடும் போலி இரை. வெட்டுக்கிளி, வண்டு, எறும்பு எல்லாம் கலந்தது, கையால் கட்டியது என்று விளம்பரம். படத்தில் அவ்வளவு நேர்த்தி. கைக்கு வந்தது வேறு சரக்கு.

வெட்டுக்கிளியில்தான் பெரிய ஏமாற்று. உடம்புக்கு வைத்த ஃபோமை நூலால் இறுக்கிக் கட்டாமல் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் வீசியதுமே ஃபோம் முள்ளின் தண்டைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிட்டது. ரப்பர் கால்கள் வானத்தைப் பார்க்க, முதுகு தண்ணீருக்குள். அதைவிடக் கொடுமை, ஃபோம் தடிமனாகத் தொங்கி முள்ளின் வாயையே, அதாவது முனைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியையே, அடைத்துக்கொண்டிருக்கிறது. கரையோரப் புல்லடியில் மீன் தயங்காமல் மேலே வந்து கவ்வுகிறது. இழுத்தால் குத்தாமல் நழுவிவிடுகிறது. வெயிலும் காற்றுமாக இருக்கும் மதியத்தில்தான் நிஜ வெட்டுக்கிளிகள் தண்ணீரில் விழும். அந்த நல்ல நேரம் முழுக்க இப்படியே போனது. வயிறு எரிந்தது.

எறும்புக்கு இடுப்பு வேண்டும். முன்னும் பின்னும் உருண்டை, நடுவில் ஒடுங்கல், அதுதான் எறும்பு. இதில் ஒரே கறுப்புக் கட்டி. 16, 18 அளவுச் சின்ன ஃப்ளைக்கு மெல்லிய கம்பி முள் போடாமல், தண்ணீருக்குள் மூழ்கவிடும் நிம்ஃப் வகை ஃப்ளைக்குப் போடும் கனமான முள்ளைப் போட்டதால் மிதக்கவும் இல்லை. சிலவற்றில் முள்ளின் காதில், அதாவது தூண்டில் நரம்பு கோர்க்கும் ஓட்டையில், பசை அடைத்திருந்தது. ஊசியால் குத்தி எடுத்த பிறகுதான் நரம்பு நுழைந்தது.

வண்டு பரவாயில்லை என்று நினைத்தேன். சுமாரான மீன் ஒன்று ஓடியதும் முள் நிமிர்ந்துவிட்டது. கம்பியின் பதம் சரியில்லை.

விற்றவர்களுக்குப் படங்களோடு எழுதினால், "மீன் பெரிதாக இருந்திருக்கும்" என்று பதில். அப்புறம் பணத்துக்குப் பதிலாக அதே பெட்டி இன்னொன்று தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றதும் ஒரு காரணம் சொல்லி மறுத்தார்கள், அதோடு பேச்சே இல்லை.

வாங்கும் முன் அடிப்பக்கப் படம் கேளுங்கள். விற்பவர்கள் காட்டுவது முதுகு. மீன் பார்ப்பது வயிறு. முள்ளின் வாய் திறந்திருக்கிறதா, ஃபோமின் மேல் நூல் சுற்று தெரிகிறதா என்று அதில் பாருங்கள். கைக்கு வந்ததும் முள்ளைப் பிடித்துக்கொண்டு உடம்பை விரலால் திருகுங்கள். சுழன்றால் ஆற்றுக்குக் கொண்டுபோகாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். நனைந்த ஃப்ளையைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்பதுதான் எனக்குக் கடைசியாகச் சொன்ன காரணம்.