சென்னைக்கு எந்த டயர்: லட்சம் கிலோமீட்டரா, மழை கிரிப்பா?

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எந்தக் கடையில் போய் "விலை கம்மியா நல்ல கார் டயர் காட்டுங்க" என்று கேட்டாலும், முதலில் வெளியே வருவது நீண்ட நாள் உழைக்கும் என்று சொல்லி விற்கிற வகைதான். சியட் மைலேஸ் எக்ஸ்3, அப்போலோ அமேசர் 4ஜி லைஃப் எல்லாம் இந்தப் பக்கம். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய நம்ம எம்ஆர்எஃபின் இசட்விடிவியும் உழைப்புக்குப் பேர் வாங்கியதுதான் (ஊர்ப்பாசத்தில் அதை எடுப்பவர்களே பாதிப் பேர்). எதிர்ப்பக்கம் குட்இயர் அஷ்யூரன்ஸ் ட்ரிபிள்மேக்ஸ் 2, மிஷ்லின் எக்ஸ்எம்2 பிளஸ் மாதிரி, ஈரத்தில் பிரேக் பிடிப்பதைச் சொல்லியே விற்கிறவை. விலை கொஞ்சம் கூட.

கத்திரி வெயிலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கெட்டி ரப்பர் சூட்டில் மெதுவாகத் தேயும், அவ்வளவுதான். வெயிலில் டயர் வெடிக்கிறதென்றால் பிராண்டைச் சந்தேகப்படும் முன் காற்றைப் பாருங்கள்; காற்று குறைந்தால் சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கிச் சூடேறும். வண்டி ஓட்டி வந்த சூட்டோடு பெட்ரோல் பங்கில் அளந்துவிட்டு, கூட இருக்கிறதே என்று இறக்கிவிடவும் வேண்டாம்; சூட்டில் காற்றழுத்தம் தானாகவே கொஞ்சம் ஏறித்தான் இருக்கும்.

ஐப்பசி பிறந்தால்தான் உண்மையான போட்டி. லட்சம் கிலோமீட்டர் ஓட ரப்பர் கெட்டியாக இருந்தாக வேண்டும், அந்தக் கெட்டித்தனமே நனைந்த ரோட்டில் கிரிப்பைக் குறைக்கும். சிலிக்கா (மணலில் இருக்கிற அதே பொருள்) தாராளமாகச் சேர்த்த ரப்பர் கலவை ஈரத்திலும் விடாமல் பிடிக்கும். மெட்ரோ வேலைக்காகப் போட்டிருக்கிற இரும்புத் தகட்டில் தூறல் விழுந்தால் எந்த டயரும் வழுக்கும், ஆனால் தகடு முடிந்து தார் தொடங்குகிற இடத்தில் எது சட்டென்று பிடிக்கிறது என்பதில்தான் பம்பர் தப்புவதும் தப்பாததும் இருக்கிறது.

தண்ணீர் தேங்கிய இடத்தில் கலவையைவிடப் பட்டனும் (ரோட்டில் படுகிற பக்கத்தில் பள்ளம் விட்டு நிற்கிற மேடுகள்) காற்றும் முக்கியம். புது டயரில் பட்டன் ஆழம் 8 மி.மீ. அளவுக்கு இருக்கும், சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், ஆனால் நம்ம ஊர் மழைக்கு 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுவது நல்லது. பட்டன் ஆழத்தையும் மீறித் தண்ணீர் நின்றால், 33 பிஎஸ்ஐ காற்றில் சுமார் 95 கி.மீ. வேகத்தில் ரோட்டை விட்டுத் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் டயர், 24 பிஎஸ்ஐயில் 80ஐத் தாண்டியதுமே மிதந்துவிடும். ஈசிஆரில் அந்த வேகம் சர்வசாதாரணம்.

சரி, எதை வாங்குவது? கால் டாக்ஸி ஓட்டுகிற அண்ணன் வருஷத்துக்கு 50,000 கி.மீ. ஓட்டுவார், அவருக்கு முதல் வகைதான் கட்டுப்படியாகும். ஆபீசுக்கும் வீட்டுக்குமாக வருஷத்துக்கு 8,000 ஓட்டுகிறவருக்கு லட்சம் முடிய 12 வருஷம் தாண்டும்; ரப்பரோ அஞ்சாறு வருஷத்திலேயே இறுகி, சைடுவாலில் மெல்லிய வெடிப்பு விட்டுவிடும். ஓட்டாத கிலோமீட்டருக்குக் கிரிப்பை விட்டுக்கொடுப்பானேன்? இரண்டாவது வகையை எடுங்கள். புதுப்பேட்டை பழைய டயர் பக்கம் போகவே வேண்டாம், அது எப்படி ஓடியது, எங்கே அடிபட்டது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு மட்டும் மாற்றுவதாக இருந்தால் புதுசைப் பின்னால் போடச் சொல்லுங்கள், கடைக்காரர் முன்னால்தான் போடுவேன் என்று வாதாடினாலும். ஈரத்தில் வண்டியின் பின்பக்கம் வாரிவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிப்பது கஷ்டம். அப்புறம் சைடுவாலில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2225 என்றால் 2025இன் 22ஆவது வாரம் தயாரித்தது. வருஷக்கணக்காகக் கடையில் கிடந்த சரக்கு என்றால் டிஸ்கவுண்ட்டுக்கு மயங்காமல் வேறு எடுத்துவரச் சொல்லுங்கள்.