புதுப் பெயின்ட் அடித்த பழைய லேத்: தச்சு வேலைக்காரர் கவனம்

வவுனியாப் பக்கம் போய்ப் பழைய மரக் கடைச்சல் லேத் வாங்க நினைத்திருப்பவர்கள் இதை ஒருக்கால் வாசித்துவிட்டுப் போங்கள். நீளமான பதிவுதான். 185,000 ரூபாயைக் கொடுத்து ஏமாந்தவனுக்கு நீளமாக எழுத உரிமை இருக்கிறது.

நான் ஒட்டுசுட்டானில் தச்சு வேலை செய்கிறேன். கதவு, யன்னல், கட்டில், அலுமாரி, இடைக்கிடை கோயில் வேலை. கட்டில் காலோ படிக்கட்டுத் தூணோ கடைய வேண்டி வந்தால் மரத்தைக் கட்டி வெளியே அனுப்ப வேண்டும். ஏற்றுக்கூலி, கடைச்சல் கூலி, காத்திருப்பு என்று இலாபத்தில் பாதி அதிலேயே போய்விடும். புது லேத் வாங்கலாம் என்றால், 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போன பிறகு இறக்குமதிச் சாமானின் விலையைக் கேட்கவே பயம். 2009 போரில் உளி, சீவுளிகூட இல்லாமல் வெறுங்கையோடு முகாமுக்குப் போய், திரும்பி வந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தவர்கள்தான் இங்குள்ள பட்டறைக்காரரில் அநேகம் பேர். அதனால் பழைய மெஷினுக்கு வன்னியில் எப்போதும் கிராக்கி. அந்தக் கிராக்கியில்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது.

விற்றவர் பழைய இரும்பு எடுக்கிற ஆள். பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டு, வருகிற மெஷின்களைத் 'திருத்தி' விற்கிறார். பெயரைப் போட முடியாது, வழக்கு வம்பு வேண்டாம். போனவுடனேயே, "தம்பி, இது காங்கேசன்துறைச் சீமெந்து ஃபக்டரியில நிண்ட சாமான். கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ" என்றார். வடக்கில் எந்தப் பழைய மெஷினைக் கேட்டாலும் ஒன்று காங்கேசன்துறை, இல்லாவிட்டால் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, அதுவும் இல்லாவிட்டால் வாழைச்சேனைக் கடதாசி ஆலை. இவர்கள் சொல்வதை எல்லாம் நம்பினால் காங்கேசன்துறையில் சீமெந்து செய்யவில்லை, கட்டில் கால்தான் கடைந்திருக்கிறார்கள்.

மெஷின் பார்வைக்கு நல்லாகத்தான் இருந்தது. நாலடி நீள வார்ப்பிரும்புப் படுக்கை, மூன்று படி புலி (பெல்ட் ஓடும் சில்லு, படியை மாற்றினால் வேகம் மாறும்), முழுக்கப் பளபளவென்று பச்சைப் பெயின்ட். சுவிச்சைப் போட்டார், சத்தமே இல்லாமல் சுற்றியது. "2 எச்.பி. மோட்டர், தகட்டைப் பாருங்கோ" என்று காட்டினார். தகட்டில் 2 எச்.பி. (குதிரைவலு), நிமிடத்துக்கு 1440 சுற்று என்றுதான் இருந்தது. பில் கேட்டதற்கு, "புத்தகம் முடிஞ்சுது தம்பி, வட்ஸ்அப்பில போட்டுவிடுறன்" என்றார். பணத்தை வங்கிக் கணக்கில் வைப்புச் செய்தேன். ஏ9 வழியாக ஒரு பட்டா லொறியில் ஏற்றி, மாங்குளத்தில் திரும்பி வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று.

முதலில் மாட்டிக்கொண்டது மோட்டர். பன்னிரண்டு அங்குல வேப்பங்கட்டை ஒன்றைத் தண்டின் முனையில் உள்ள முகத்தட்டில் பூட்டி, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் போட்டேன். மெஷின் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியது. உடனே நிறுத்திவிட்டேன். அந்தப் படியில் தண்டு நிமிடத்துக்கு 450 சுற்றுப் போல வர வேண்டும் என்று புலியின் அளவை வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். பார்த்தால் இரண்டு மடங்கு வேகம். பன்னிரண்டு அங்குலக் கட்டை நிமிடத்துக்கு 900 முறை சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. சமநிலை இல்லாத பச்சைக் கட்டை அந்த வேகத்தில் கழன்றால் முன்னுக்கு நிற்பவரின் முகம் மிஞ்சாது. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், இதற்காகத்தான் எனக்கு அந்த ஆள் மீது கூடுதல் கோபம்.

மோட்டர் கொயில் சுற்றுகிற ஐயா ஒருவரிடம் கழற்றிக் கொண்டுபோனேன். திறக்க முதலே தண்டின் நுனியைப் பார்த்துச் சிரித்தார். "இது தோட்டத்துக்குத் தண்ணி இறைச்ச மோட்டர், தம்பி." பம்பின் இம்பெல்லர் (தண்ணீர் தள்ளும் விசிறி) பூட்டுகிற மரையைப் பாதியில் வெட்டிவிட்டுப் புலியை ஏற்றியிருக்கிறார்கள். திறந்து பார்த்ததில் இரண்டு துருவ மோட்டர். நம்முடைய 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு துருவம் என்றால் 2880க்குக் கிட்ட ஓடும், நான்கு துருவம் என்றால்தான் 1440. பவரும் அவருடைய மதிப்பில் 1 எச்.பி.தான். தகடு வேறு மோட்டரில் இருந்து வந்தது. அதைப் பிடித்திருந்த பொப் ரிவெட் இரண்டும் புதிதாக மினுங்கின, ஆனால் தகட்டின் ஓட்டைகளில் பழைய ஆணி இருந்த துருவட்டம் அப்படியே இருந்தது. தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட அது எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

சரி, மோட்டர்தானே, மாற்றிவிடலாம் என்று பழைய நான்கு துருவ மோட்டர் ஒன்றைத் தேடிப் போட்டேன். வேகம் சரியாக வந்தது. முதிரையில் கட்டில் கால் கடையத் தொடங்கினேன். முதிரையும் பாலையும் எப்பேர்ப்பட்ட வைரம் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொஞ்ச நேரத்தில் தலைப்பாகத்தில் (சுற்றும் தண்டைத் தாங்கும் பக்கம்) இருக்கிற பேரிங் கையை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது, கடகடவென்று ஒரு தட்டலும் வந்தது.

பேரிங்கைக் கழற்றினேன். உள்ளே ஒரு சாணுக்குக் கிறீஸ். விற்கும்போது சத்தம் வராமல் இருந்ததன் இரகசியம் அதுதான். கிறீஸை வழித்து எடுத்தால், பேரிங்குக்கும் அது உட்காரும் குழிக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு. குளிர்பான டின்னைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சுற்றிச் செருகியிருக்கிறார்கள். சிவப்பு எழுத்தின் பாதிகூட அழியவில்லை. குழி தேய்ந்து பெருத்துப்போனதால் பேரிங்கின் வெளிவளையமே சேர்ந்து சுற்றியிருக்கிறது. அதை இறுக்கவென்று குழியின் சுவரில் சென்டர் பஞ்சால் குத்திய புள்ளிகளும் வரிசையாக இருந்தன. டின் தகடு எத்தனை மணித்தியாலம் தாங்கும்? விற்கிற வரைக்கும் தாங்கினால் போதும்தானே.

அப்புறம்தான் பெரிய சாமான் வெளியே வந்தது. தலைப்பாகம் படுக்கையில் உட்காரும் காலுக்குக் கொஞ்சம் மேலே, பச்சைப் பெயின்டில் தலைமயிர் போல ஒரு கோடு. கோட்டின் ஓரமாகப் பழைய எண்ணெய் கறுப்பாகக் கசிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. அதற்குக் கீழே இரும்பு இல்லை, வாகனத்தின் நெளிவு எடுத்துப் பூசுகிற பட்டி. காந்தத்தைக் கொண்டுவந்து வைத்தேன், ஒட்டாமல் விழுந்தது. பட்டியை எல்லாம் தட்டி எடுத்துப் பார்த்தால், பேரிங் குழி வரைக்கும் போன வெடிப்பு. அதை யாரோ சாதாரண இரும்புக் கம்பியால் வெல்டிங் அடித்து, கிரைண்டரால் மட்டமாக்கி, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள்.

ஃபோன் எடுத்தேன். முதல்நாள் "தம்பி, தம்பி" என்றவர் இப்போது, "நீங்கள் ஓட்டத் தெரியாமல் ஓட்டி வெடிக்கப் பண்ணிப்போட்டு என்னட்டக் கேக்கிறியள். பழைய சாமானுக்குக் கேரண்டி இல்லை எண்டு தெரியாதோ?" என்கிறார். வெடிப்பின் மேல் வெல்டிங், வெல்டிங்கின் மேல் பட்டி, பட்டியின் மேல் அவருடைய பச்சைப் பெயின்ட். நான் ஓட்டி வெடித்ததாம். பிறகு, வேண்டுமென்றால் பாதி விலைக்குத் திருப்பி எடுக்கிறேன் என்று ஒரு பெருந்தன்மை வேறு.

இந்தக் கதையில் இரண்டாவது ஆளும் இருக்கிறார். வெடிப்பை ஒட்டித் தருகிறேன், எனக்கு இது பழக்கம் என்று சொன்ன வெல்டிங்காரர். வார்ப்பிரும்பு வேறு, சாதாரண இரும்பு வேறு. வார்ப்பிரும்பில் கரி கூட, சடுதியாகச் சுட்டுச் சடுதியாக ஆறினால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி மாதிரி இறுகி வெடிக்கும். நிக்கல் கம்பி வேண்டும், முழுத்துண்டையும் முதலே சூடாக்க வேண்டும், ஒட்டிய பிறகு சாம்பலிலோ காய்ந்த மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். நிக்கல் கம்பியா என்று கேட்டேன். ஓம் என்றார். அடித்தது வழக்கமான கம்பி, அதுவும் துண்டைச் சூடாக்காமலே. வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கும்போதே "டிங்" என்று ஒரு சத்தம். பழைய வெடிப்புக்குப் பக்கத்தில் புது வெடிப்பு. கூலியை மட்டும் விடாமல் வாங்கிக்கொண்டார்.

தலைப்பாகத்தை அத்தோடு விட்டுவிட்டேன். படுக்கையும், மரத்தின் மறுமுனையைத் தாங்கும் வால்பாகமும் நல்ல சாமான், அதில் பொய் இல்லை. ஆகவே தடித்த இரும்புத் தகட்டில் ஒரு பெட்டி அடிக்கக் கொடுத்து, அதன் மேல் அரிசி ஆலைகளில் நிற்கிற அதே பிளம்மர் புளொக் (பேரிங்கோடு வரும் தாங்கி) இரண்டைப் பூட்டினேன். 206 என்று கேட்டால் 30 மில்லிமீற்றர் தண்டுக்கு வரும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பேரிங் கடைகளில் கிடைக்கிறது, பழுதானால் அரை நாளில் மாற்றலாம். பெரிய கிண்ணம் கடைய இது அவ்வளவு உறுதி போதாது என்பது என் அபிப்பிராயம், ஆனால் கட்டில் காலுக்கும் தூணுக்கும் தாராளம். இரண்டு முனையும் நேருக்கு நேர் வருவதற்குத் தகடு வைத்து வைத்து உயரம் பார்த்ததுதான் பெரிய பாடு.

இனிப் பார்க்கப் போகிறவர்களுக்கு. துருவைக் கண்டு பயப்பட வேண்டாம், புதுப் பெயின்டைக் கண்டு பயப்படுங்கள். மழையில் கிடந்த துரு மேலோடு நிற்கும். மண்ணெண்ணெயும் வயர் பிரஷும் போதும். சின்னச் சாமான்களைச் சலவைச்சோடாக் கரைசலில் போட்டு, பட்டரி சார்ஜரின் மைனஸைத் துருப்பிடித்த துண்டிலும் பிளஸை வேண்டாத இரும்பிலும் கொடுத்தால் இரவோடிரவாகத் துரு இளகிவிடும். (பிளஸில் எவர்சில்வர் போட வேண்டாம், தண்ணீர் நஞ்சாகும். வெளியில், காற்றோட்டத்தில் வையுங்கள்.) துருவோடு கிடக்கும் மெஷினில் வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். பெயின்ட் அடித்ததில் தெரியாது.

சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தமும் ஒரு சின்னச் சுத்தியலும் கொண்டுபோங்கள். காந்தத்தை மூலை, கால், பேரிங் குழியைச் சுற்றி என்று எல்லா இடமும் நகர்த்துங்கள், பிடி தளரும் இடத்தில் பட்டி இருக்கிறது. சுத்தியலால் தட்டினால் முழு வார்ப்பு கணீரென்று கேட்கும், வெடித்தது செத்த சத்தம் தரும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையால் சுற்றுங்கள், பிறகு முகத்தட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் உலுப்புங்கள். ஆட்டம் இருந்தால் அது கிறீஸுக்குக் கட்டுப்படாது. வால்பாகத்தைத் தள்ளிக்கொண்டுபோய் இரண்டு கூர்முனையும் சந்திக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினால் போதாது, அரை மணித்தியாலம் ஓட்டச் சொல்லிப் பேரிங்கில் கையை வையுங்கள். மாட்டேன் என்றால் அங்கேயே விளங்கிவிடும்.

பில் விடயம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தரத்தான் வேண்டும். புத்தகம் முடிந்தது என்பது நியாயமில்லை. சாமான் வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முறைப்பாட்டை அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர்களுடைய அவசர இலக்கம் 1977. என்னிடம் பில் இல்லாவிட்டாலும் வங்கி வைப்புச் சீட்டு இருக்கிறது, "சீமெந்து ஃபக்டரி, 2 எச்.பி." என்று அவரே எழுதிய வட்ஸ்அப் செய்திகளும் இருக்கின்றன. அவற்றைப் பிரதி எடுத்து அதிகாரசபைக்கும் மத்தியஸ்த சபைக்கும் கொடுத்திருக்கிறேன். இன்னும் முடிவு வரவில்லை, வந்தால் எழுதுகிறேன்.

அந்தக் கொட்டிலில் இப்போது இன்னொரு லேத் நிற்கிறதாம், இந்த முறை நீலப் பெயின்ட். யாராவது அதைப் பார்க்கப் போவதென்றால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். வெடிப்பு, டின் தகடு, ரிவெட் எல்லாவற்றின் படமும் அனுப்பிவிடுகிறேன், எங்கே சுரண்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகலாம்.