முழு ஸ்காலர்ஷிப்பா, பாதியா, ஐவி லீக்கா? சிறிய தனியார் பல்கலைக்கழகங்களின் ஃபுட்பால் ஆஃபர்கள்

அமெரிக்காவில் பள்ளி அளவில் ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) ஆடும் பையன்களின் எக்ஸ் பக்கங்களைப் புரட்டினால் ஒரே மாதிரிப் பதிவு திரும்பத் திரும்ப வரும். கோச்சுடன் நன்றாகப் பேசினேன், இன்ன பல்கலைக்கழகம் ஆஃபர் கொடுத்திருக்கிறது, எல்லாப் புகழும் இறைவனுக்கே. கீழே ஹெல்மெட் படமும் லோகோவும். எவ்வளவு பணம், எத்தனை வருஷத்துக்கு, எழுத்தில் உண்டா என்பதெல்லாம் பதிவில் இருக்காது. அலபாமா, ஒஹாயோ ஸ்டேட் போன்ற பெரிய அணி கூப்பிட்டால் வீட்டில் இந்தக் கேள்விகளுக்கு அவ்வளவாக வேலையில்லை. கூப்பிடுவது சிறிய தனியார் பல்கலைக்கழகம் என்றால் முதலில் கேட்க வேண்டியதே இவைதான்.

கல்லூரி ஃபுட்பாலின் மேல் மட்டமான எஃப்.பி.எஸ்.ஸில் இருந்து ஆரம்பிக்கலாம். வேக் ஃபாரஸ்ட், ரைஸ், டல்சா எல்லாம் இந்த வகை. வேக் ஃபாரஸ்ட்டில் இளநிலை மாணவர்கள் 5,000 சொச்சம்தான், ஆனால் மோதுவது கிளெம்சன், ஃப்ளோரிடா ஸ்டேட் போன்றவர்களோடு. இந்த மட்டத்தில் நெடுங்காலமாக ஓர் அணிக்கு 85 ஸ்காலர்ஷிப். கொடுத்தால் முழுசாகக் கொடுக்க வேண்டும், பிய்த்துக் கொடுக்க முடியாது. கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அதில் அடங்கும். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட, வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்குச் சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு அந்த 85 போய்விட்டது. அணியில் மொத்தம் 105 பேர் என்பதுதான் வரம்பு, ஸ்காலர்ஷிப்பைப் பிரித்துக் கொடுக்கவும் வழி திறந்துவிட்டது. அதனால் இங்கேகூட "முழுசா?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

முழுசு என்றால் பணக் கவலை இல்லை. கவலை வேறு பக்கம். கென்னத் வாக்கர் வேக் ஃபாரஸ்ட்டில் இரண்டு சீசன் ஆடிவிட்டு மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போனார். அங்கே போன அதே வருஷம், 2021இல், நாட்டின் சிறந்த ரன்னிங் பேக்குக்கான (பந்தை ஏந்தி ஓடுபவர்) டோக் வாக்கர் விருது அவருக்கு. குவார்ட்டர்பேக் சாம் ஹார்ட்மன் 2023இல் நோட்டர் டேமுக்குப் போனார். வளர்த்தது ஒருத்தர், அறுவடை இன்னொருத்தர். பையனின் கண்ணால் பார்த்தால் இது நல்ல ஏணிதான். ஆனால் ஆளை இழந்த கோச் சும்மா இருப்பாரா? கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் இருந்து மூன்று வருஷம் கல்லூரியில் ஆடிய இருபத்திரண்டு வயது ஆளைக் கூட்டிவந்து அந்த ஓட்டையை அடைப்பார். பள்ளியில் இருந்து நேராக வரும் பையனுக்கு இருக்கும் இடங்கள் அந்த அளவுக்குச் சுருங்கும்.

அடுத்தது இரண்டாம் மட்டமான எஃப்.சி.எஸ். இங்கேதான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன என்பது என் எண்ணம். பேட்ரியட் லீக்கின் லீஹை, லாஃபயெட், பக்னெல், கோல்கேட், ஹோலி கிராஸ், தெற்கே ஃபர்மன், வாஃபர்ட் எல்லாம் படிப்பில் நல்ல பெயர் எடுத்தவை. பேட்ரியட் லீக்கில் ஃபுட்பாலுக்கென்று ஸ்காலர்ஷிப் வந்ததே சமீபத்தில்தான். ஃபோர்டம் 2010இல் தனியாக ஆரம்பித்தது, மற்றவர்கள் 2013இல் பின்தொடர்ந்தார்கள், ஜார்ஜ்டவுன் மட்டும் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. எஃப்.சி.எஸ்.ஸின் பழைய வரம்பு 63 ஸ்காலர்ஷிப். ஆனால் அதை 85 பேர் வரை பிரித்துக் கொடுக்கலாம். கோச் "ஆஃபர்" என்று சொல்வது முழுசாகவும் இருக்கலாம், கால் பங்காகவும் இருக்கலாம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இத்தகைய தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. பாதி ஸ்காலர்ஷிப் கிடைத்தாலும் வீட்டில் இருந்து போக வேண்டியது 40,000. சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப்பே இல்லாமல், பந்தையே தொடாமல் படித்தால் பல இடங்களில் இதைவிடக் குறைவாக ஆகும். சதவீதத்தைக் கேட்டு மகிழ்ந்துவிட்டு மிச்சத் தொகையைக் கேட்காமல் வந்துவிடக் கூடாது. விளையாட்டு ஸ்காலர்ஷிப்போடு படிப்புக்கான உதவித்தொகையையும் சேர்த்து வாங்கலாமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். கோச்சுக்கே அது முழுசாகத் தெரியாமல் இருக்கலாம். நிதி உதவி அலுவலகத்தில் கேட்பதுதான் சரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்காலர்ஷிப் பல இடங்களில் ஒரு வருஷத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஆட்டம் சரியில்லை என்பதற்காகப் பிடுங்கக் கூடாது என்று 2015இல் விதி போட்டுக்கொண்டவை அன்றைய ஐந்து பெரிய லீக்குகள். வேக் ஃபாரஸ்ட் அதற்குள் வரும். எஃப்.சி.எஸ். உட்பட டிவிஷன் 1இல் உள்ள மற்றவர்களுக்கும் 2024 ஆகஸ்டில் இந்த விதி வந்துவிட்டது. ஆனாலும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பது நல்லது.

அப்புறம், விளையாட்டுக்கு ஒரு பைசாகூடத் தராத வகை. ஹார்வர்ட், யேல் போன்ற எட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஐவி லீக் 1954 ஒப்பந்தத்தில் இருந்தே இப்படித்தான். குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. ஹார்வர்டில் 2025-26 கல்வியாண்டு முதல் வருஷ வருமானம் 1,00,000 டாலர் வரையுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாம் இலவசம், 2,00,000 வரை கல்விக் கட்டணம் இல்லை. ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுப் பையனுக்கு இது லீஹை தரும் பாதி ஸ்காலர்ஷிப்பைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். முழங்கால் போய்விட்டாலும், அணியே வேண்டாம் என்று விலகினாலும் இந்த உதவி நிற்காது. மூன்று வகையிலும் இதற்கு மட்டும் உள்ள பலம் இது. இரண்டு டாக்டர்கள் உள்ள வீடு என்றால் கதை தலைகீழ், முழுத் தொகையும் கட்ட வேண்டியிருக்கும்.

ஐவி கோச் தரும் ஆஃபர் பணம் அல்ல, அட்மிஷன் அலுவலகத்தில் அவர் காட்டும் ஆதரவு. மதிப்பெண்ணும் தேர்வும் சேர்ந்த அகடமிக் இண்டெக்ஸில் தேற வேண்டும். அக்டோபர் 1க்குப் பிறகு, அட்மிஷன் அநேகமாகக் கிடைக்கும் என்று சொல்லும் 'லைக்லி லெட்டர்' வரும்வரை கையில் எதுவும் இல்லை.

பயனியர் லீக்கையும் இதோடு சேர்க்கலாம்: டேவிட்சன், டிரேக், டேட்டன், சான் டியாகோ. ஃபுட்பால் ஸ்காலர்ஷிப் கிடையாது, மார்க் நன்றாக இருந்தால் படிப்பு உதவித்தொகை உண்டு. இங்கே ஆடினால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு ஜோஷ் ஜான்சன் பதில். சான் டியாகோவில் ஆடி, தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் என்.எஃப்.எல். டிராஃப்டில் 2008இல் ஐந்தாம் சுற்றில் டாம்பா பே அணிக்குப் போனவர். அதற்கும் கீழே, விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே தராத டிவிஷன் 3இல் உள்ள ஹோபார்ட் கல்லூரியில் இருந்து அலி மார்ப்பெட் 2015இல் இரண்டாம் சுற்றிலேயே எடுக்கப்பட்டார். இப்படிப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதும் உண்மை.

பெரிய அணியில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேரும் 'பிரிஃபர்டு வாக்-ஆன்' இடத்தை நான் இப்போது யாருக்கும் சொல்லமாட்டேன். 105 வரம்பு வந்ததும் முதலில் கத்தி விழுந்தது அவர்கள் மேல்தான்.

என் வரிசை இதுதான். எழுத்தில் வந்த முழு ஸ்காலர்ஷிப் எஃப்.பி.எஸ்.ஸில் இருந்தாலும் எஃப்.சி.எஸ்.ஸில் இருந்தாலும் முதலிடம். மார்க்கும் இருந்து வருமானம் நடுத்தரமாகவும் இருந்தால், பாதி ஸ்காலர்ஷிப்புக்கு முன்னால் ஐவி. மார்க் சுமாராக இருந்தால், பாதி ஸ்காலர்ஷிப்பையும் பயனியர் லீக் உதவித்தொகையையும் டாலரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வீட்டில் இருந்து கட்ட வேண்டிய தொகை எதில் குறைவோ அதை எடுக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை எழுத்துப்பூர்வமான ஸ்காலர்ஷிப் ஆஃபர் தர விதியே அனுமதிப்பதில்லை, அதுவரை வருவதெல்லாம் வாய்ப்பேச்சு. அந்தத் தேதி தாண்டியும் கோச் தொகையைச் சொல்லாமல் "ஒரு தடவை கேம்பஸை வந்து பாருங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அவர் பட்டியலில் உங்கள் பையனுக்கு மேலே வேறு பெயர்கள் இருக்கின்றன.