சமையலறை ஒயரிங்: ஒரே சர்க்யூட் போதுமா, தனித்தனியாகப் பிரிக்க வேண்டுமா?

டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒயரிங்கை மாற்ற வேண்டுமென்றால் சுவரை மறுபடியும் உடைத்தாக வேண்டும் என்பதால், சமையலறைப் பிளக் பாயிண்டுகளுக்கு மின்சாரம் எப்படிப் பிரிந்து வரப்போகிறது என்பதைப் பூச்சு வேலைக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். எல்லாப் பாயிண்டுகளையும் ஒரே சர்க்யூட்டில் இணைப்பது ஒரு வழி. சாதனத்துக்கு ஒன்றாகத் தனித்தனி சர்க்யூட் இழுப்பது இன்னொரு வழி.

முதல் வழியில் ஒயரும் குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே ‘ட்ரிப்’ ஆகி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்ட ஒரு சர்க்யூட் தாங்குவது 3,680 வாட் மட்டுமே. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் 2,000 வாட் கெட்டிலும் 1,200 வாட் இழுக்கும் மைக்ரோவேவும் ஒரே நேரத்தில் ஓடினால் 22 ஆம்பியருக்கு மேல், அதாவது எம்சிபியின் அளவைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு போய்விடும். அந்த நொடியே எம்சிபி ட்ரிப் ஆகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். வீட்டு எம்சிபிக்கான சர்வதேசத் தரப்படி, 1.45 மடங்கு மின்னோட்டத்துக்கே ஒரு மணி நேரத்துக்குள் ட்ரிப் ஆனால் போதும். அதுவரை சுவருக்குள் இருக்கும் ஒயர் சூடேறிக்கொண்டுதான் இருக்கும். இதைவிட ஆபத்தானது, அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று 2.5 சதுர மி.மீ. ஒயரை அப்படியே வைத்துக்கொண்டு 32 ஆம்பியர் எம்சிபியைப் பொருத்துவது. எம்சிபி காக்க வேண்டியது ஒயரைத்தான் என்பதால், ஒயரை மாற்றாமல் எம்சிபியின் அளவை மட்டும் கூட்டவே கூடாது.

இரண்டாவது வழியில் இந்தக் கவலை இல்லை. பழுதான சாதனத்தையும் உடனே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் எம்சிபிகளைப் பொருத்தும் டிபி பாக்ஸ் பெரிதாகும். ஒரே பைப்பில் பல ஒயர்களைத் திணித்தால் வெப்பம் வெளியேற வழியின்றி ஒவ்வொரு ஒயரும் தாங்கும் அளவு குறையும் என்பதால், பைப்புகளும் அதிகம் தேவைப்படும். டோஸ்டருக்கும் மிக்ஸிக்கும் தனித்தனி சர்க்யூட் என்பது, என் கருத்தில், வீண்.

நான் பரிந்துரைப்பது இரண்டுக்கும் நடுவிலான வழி. சுவரில் நிலையாகப் பொருத்தும் மின்அடுப்புக்கும் ஓவனுக்கும் அவற்றின் வாட் அளவைக் கணக்கிட்டு, 4 அல்லது 6 சதுர மி.மீ. ஒயரில் தனித்தனி சர்க்யூட் தர வேண்டும். மேடைப் பாயிண்டுகளை இரண்டு சர்க்யூட்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்தால், பக்கத்துப் பக்கத்தில் வைக்கும் கெட்டிலும் மைக்ரோவேவும் வெவ்வேறு சர்க்யூட்டில் அமையும். கொதிக்கும் எண்ணெய் அடுப்பில் இருக்கும்போது இருளில் நிற்க நேரக்கூடாது என்பதால் விளக்குகள் தனியாகத்தான் இருக்க வேண்டும். 120 வோல்ட் வீடுகளில் அதே வாட்டுக்கு ஏறத்தாழ இரு மடங்கு மின்னோட்டம் தேவைப்படுவதால், அங்கே இன்னும் கூடுதலாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஃபிரிட்ஜைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சமையலறை முழுவதற்கும் ஒரே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) இருந்தால், கெட்டிலில் சிறு மின்கசிவு ஏற்பட்டாலும் ஃபிரிட்ஜும் சேர்ந்து நின்றுவிடும். வீட்டில் ஆள் இல்லாத நாளில் உள்ளே இருப்பதெல்லாம் கெட்டுவிடும். ஃபிரிட்ஜுக்கு மட்டுமாவது தனி சர்க்யூட்டும் தனி ஆர்சிபிஓவும் (எம்சிபியும் ஆர்சிசிபியும் சேர்ந்த சாதனம்) கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலும் (மின்சாரம் திரும்பிச் செல்லும் ஒயர்) தனியாகவே திரும்புகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்றின் நியூட்ரல் இன்னொன்றோடு கலந்துவிட்டால், எந்தப் பழுதும் இல்லாமலேயே ஆர்சிபிஓ ட்ரிப் ஆகிக்கொண்டிருக்கும்.